அண்ணன் கட்டிப் பார்த்தாச்சு

என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் விளம்பரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். உண்மையில் நான் விளம்பரம் எடுப்பவள் இல்லை. ஒரு கடை வெளியே பேசுகிற பேச்சு பல இடங்களில் பல விதமாக இருக்கும். வானொலியில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, கைபேசியில் ஒன்று, கவுண்டரில் நிற்பவர் வாயில் இன்னொன்று. அத்தனையையும் ஒரே பேச்சாக்கிக் கொடுப்பவள் நான். இதற்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால்தான் முதலாளிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை. நான் சுமாராக வேலை செய்திருந்தால் இங்கே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அந்தத் துணிக்கடை சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. முதலாளி குடும்பம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. அவருடைய அப்பா கைலியும் துண்டும் விற்றுத் தொடங்கிய கடை. இவர் இங்கேயே பிறந்து, இங்கேயே ராணுவத்தில் தேசிய சேவை செய்து, தீபாவளிக்குச் சேலை விற்கும் முஸ்லிம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால்தான் எதற்கும் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர் என்று தெருவே சொல்லும். நானும் சொல்வேன். நான் அங்கே வேலைக்குப் போன வருடம் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் உள்ளே வந்தார்கள், துணியைத் தடவிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு வீட்டுக்குப் போய் ஃபேஸ்புக் லைவில் வேறு யாரிடமோ வாங்கினார்கள். பொங்கோலிலும் உட்லண்ட்ஸிலும் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் கேமராவை நட்டுவைத்து விற்கும் பெண்கள் அவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வானொலியில் தேக்காவிலேயே மலிவு என்று கத்தினார். கடையின் ஃபேஸ்புக்கைப் பார்த்துக்கொண்ட அவருடைய அக்கா மகள், பணக்காரக் கல்யாணப் பெண்களுக்கான கடை என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். துண்டுப் பிரசுரத்தில் போன வருடத்து விளக்குப் படம் அப்படியே இருந்தது. வாட்ஸ்அப்பில் முதலாளி தன் கைப்படத் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். எல்லாவற்றையும் அச்செடுத்து அவர் மேசையில் பரப்பி, இது ஒரு கடை இல்லை, நாலு கடை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் லா, நானும் இதத்தான் வீட்டுல சொல்லிட்டே இருந்தேன்" என்றார். அப்படி அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். வேலை எனக்குக் கிடைத்தது.

எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்று ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, கிளமெண்டியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய தோழிகள் போனில் விசாரித்தால் நிறைய வேலை என்று சொல்லிவிட்டு, மறுபடியும் துணி மடிக்கப் போவேன்.

திட்டம் போடுவதற்கு முன்னால் கடையில் மூன்று நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். கவுண்டரில் நான்கு பேர். மூன்று பேர் பெண்கள். நான்காமவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை அனுமதிப் பாஸ் எடுத்து வந்து, அதே கவுண்டரில் பதினாறு வருடமாக நிற்பவர். அவரைவிட மூத்த பெண்கள்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் சேலையைப் பிரித்து மேசையில் போடமாட்டார். ஒரே வீச்சில் முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொள்வார். விரல் நுனியால் நான்கு கொசுவம் எடுத்து பேன்ட் இடுப்பில் செருகிக்கொள்வார். கொஞ்சம் வலப்பக்கம் திரும்புவார், கொஞ்சம் இடப்பக்கம். அவ்வளவுதான். துணிக்கடைக்குப் போய் வளர்ந்த தமிழ்ப் பெண் யாருக்கும் இது புதிதில்லை. மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கே தெரியமாட்டார், சேலைதான் தெரியும்.

இரண்டாம் நாள் கடுகு மஞ்சளில் ஒரு பட்டுச் சேலையை எடுத்து என் முன்னால் நின்று தோளில் போட்டார். நான் நல்ல கறுப்பு. கடைகளில் என்னைப் பார்த்ததும் சந்தன நிறத்தில் எதையாவது எடுத்துப் போட்டு, இது உங்களைச் சிவப்பாகக் காட்டும் என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். இருவரும் ஒரே நிறம்.

"என் மேலயே இவ்வளவு எடுப்பா இருக்கே தங்கச்சி. உங்களுக்கு இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

நான் வாங்கினேன். வாங்கும்போதே திட்டத்தின் முதல் வரி மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், தேநீர் வாங்கிக் கொடுத்து அவரைப் பேசவைத்தேன். ஆட்களைப் பேசவைப்பதும் என் வேலையில் ஒரு பங்கு. மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், மூன்றாவது வருடம், விடுதியில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவாள். அவருடைய பாஸ் ஜனவரியில் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை புதுப்பித்துவிட்டால் அவள் படிப்பு முடிந்துவிடும், அப்புறம் ஊருக்குப் போய்விடுவேன் என்றார். இந்த வயதில் வேறு எந்த முதலாளியும் தனக்குப் பாஸ் எடுக்கமாட்டார் என்பதையும் அவரே சொன்னார். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆகவே அவருக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று யாரிடமும் சொல்லமுடியாது.

திட்டத்தை ஓர் அகலமான தாளில் போட்டேன். இடமிருந்து வலமாகத் தீபாவளிவரை வாரங்கள். மேலிருந்து கீழாக வானொலி, பேருந்து நிறுத்தம், வாட்ஸ்அப், வீடியோ, துணிப்பை, கவுண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் அதே மனிதர், அதே வரி: "அண்ணன் கட்டிப் பார்த்தாச்சு. இப்ப உங்க முறை." லைவில் விற்கும் பெண்கள் அழகாக இருந்தார்கள், சளைக்காமல் பேசினார்கள். ஆனால் அவர்களிடம் அண்ணன் இல்லை. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நிற்கவேண்டும், வீட்டில் கைபேசியில் பார்த்தவரைத் தெருவில் பார்க்க வேண்டும், தெருவில் பார்த்தவரைக் கவுண்டரில் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் விளக்கினேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைக்குள் ஓர் ஆண் சேலையைத் தோளில் போட்டால் அது வியாபாரம். அதையே பாசிர் ரிஸ் பேருந்து நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்குப் போட்டால் அது வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. தமிழ் தெரியாத ஒரு விளம்பரக்காரர் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார், அவருக்கு இப்படி ஒரு யோசனையே வந்திருக்காது. மாதிரிப் படத்தைப் பார்த்த அச்சகத்துக்காரர் போனில் சிரித்தார். உடனே கண்ணில் படுகிறது, நல்லது என்று நோட்டில் குறித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

சம்மதம் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த முதலாளி, எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கூப்பிட்டு, இந்தத் தீபாவளிக்கு நீங்கதான் நம்ம கடைக்கு முகம் என்றார். கவுண்டர் பெண்கள் மூவரும் கைதட்டினார்கள். அண்ணன் கூச்சத்தோடு சிரித்து, சரிங்க முதலாளி என்றார். பாஸ் முடிய நான்கு மாதம் இருக்கும்போது முதலாளி கேட்டால் வேறு என்ன சொல்வார்? கேட்டது முதலாளி, கேட்கச் சொன்னது நான். தனியாகக் கூப்பிட்டு அவர் மனசில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

படப்பிடிப்பு, கடை திறப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. தோளில் போட்டுக் காட்டினார், திரும்பினார், சிரித்தார். எல்லாம் நன்றாகவே வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேமராவில் பார்க்கும்போது ஏதோ குறைந்தது. கடையில் எல்லோரும் பார்ப்பதுதான் இதிலும் இருந்தது. முழுசாகக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒரு தயக்கத்துக்குப் பிறகு சட்டை பேன்ட்டுக்கு மேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டார். எந்தப் பெண்ணையும்விட நேர்த்தியாகக் கட்டினார்.

"அண்ணே, அப்படியே நாலடி நடந்து வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். "கடையில நான் நடக்கறதில்லையே தங்கச்சி."

"நடங்க லா, வீடியோதானே" என்றார் முதலாளி. அவர் கண் கைபேசியில் இருந்தது.

அண்ணன் நடந்தார். சேலைக்குக் கீழே பேன்ட் நுனியும் கறுப்பு ஷூவும் தெரிந்தன. கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினாறு வருடமாகக் கவுண்டருக்கு எதிரே பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தவர், அதே மாதிரி முந்தானையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எடுத்தவற்றில் அந்த நடையைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னால் எல்லாம் ஒரே நாளில் வெளியே போயின. காலையில் வானொலி, மத்தியானம் வாட்ஸ்அப், சாயங்காலம் வீடியோ. மறுநாளிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. முதலாளி ஒரு நாளில் மூன்று முறை எனக்குப் போன் செய்தார். ஒரு நகைக்கடையும் ஒரு மசாலா ஆலையும் என்னைச் சந்திக்க வேண்டும் என்று ஆள் அனுப்பின. என் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லாமல் போயிற்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு கண்ணாடியில் என் முகம் எனக்குப் பிடித்திருந்தது.

வீடியோவுக்கு யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்தார்கள். இன்னொருவர் அந்த நாலடி நடையை மட்டும் வெட்டி, முன்னும் பின்னும் போய்வரும் மாதிரி செய்தார். அது ஸ்டிக்கராகி எல்லாக் குடும்பக் குழுவிலும் சுற்றியது. என் சொந்தக்காரர்கள் குழுவிலும் வந்தது, பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். துவாஸ் தொழிலாளர் விடுதிகளில் இருக்கும் ஊர்க்காரர்கள் அதை ஊர்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் தேக்காவுக்கு வருவார்கள். அண்ணனுக்கும் ஞாயிறு பிற்பகல்தான் ஓய்வு. நண்பர்களோடு டீ குடித்து, ஊர்க்கதை பேசி, ரௌவல் சாலையில் பகிர்ந்துகொண்டிருந்த அறைக்குத் திரும்புவார். இப்போது தெருவில் அவர் தலை தெரிந்தால் போதும், அண்ணே கட்டிப் பாத்தாச்சா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும். ஒருவன் கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். ஒருவன் கைலியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்து காட்டினான் என்று கவுண்டர் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவர் ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது வாரம் கடைக்குப் போனபோது அண்ணன் என்னைப் பின்பக்கம், பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூப்பிட்டார். தங்கச்சி என்பதை விட்டுவிட்டிருந்தார்.

"மேடம், அந்த நடக்கறத மட்டும் எடுத்துட முடியுங்களா? பாப்பா ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒரு வாரமா என் போன எடுக்க மாட்டேங்குது."

எல்லாம் ஒன்றோடொன்று கோத்த திட்டம், ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும் என்றேன். பேருந்து நிறுத்தங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றேன். சிரிக்கிறவர்கள்தான் கடைக்கு வந்து வாங்குகிறார்கள், இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவர் சரிங்க மேடம் என்றார். நான் சொன்னதில் ஒப்பந்தம் மட்டும் உண்மை. அவர் கேட்டதோ வீடியோவில் நாலடி. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருக்கலாம். திட்டம் சரிந்திருக்காது. ஆனால் அந்த நாலடிதான் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் நகைக்கடைக்காரர் என்ன நினைப்பார் என்று பயந்தேன். ஒரு பெண் தன் அப்பாவோடு பேசுவதைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் புதுவிதமாக வந்தார்கள். உட்காரும்போதே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணே, கட்டிக் காட்டுங்க என்பார்கள். சேலையின் விலையைக் கேட்கமாட்டார்கள். முதலில் சிலருக்குப் போட்டுக் காட்டினார். ஒருநாள் மூன்று கல்லூரிப் பெண்கள் வந்து, அவர் தோளில் முந்தானையைப் போட்டதும் நடங்க அண்ணே, நடங்க என்றார்கள். அவர் முந்தானையை எடுத்து, ஒழுங்காக மடித்து, கண்ணாடி மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து எந்தச் சேலையையும் தன் உடம்பில் படவிடவில்லை. மேசையில் விரிப்பார், விலையைச் சொல்வார், அவ்வளவுதான். கறுத்த பெண்கள் வந்தாலும் அப்படித்தான். தீபாவளி நெருங்க நெருங்க அவர் பக்கத்துக் கூட்டம் மற்ற மூன்று பேர் பக்கம் நகர்ந்தது. சிலர் ஏமாந்துபோய் வெறுங்கையோடு வெளியேறினார்கள். முதலாளிக்குக் கோபம் வந்தது, என்னிடம் சொன்னார்.

எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் மாதிரி நடித்துப் போய், வெளியே சொன்னது கடைக்குள் நடக்கிறதா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புவோம். நான் எப்போதும் அனுப்புவது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை. கண்ணாடி போட்ட, பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராத அம்மா. கேள்வித்தாளை நான்தான் தயாரித்தேன். ஏழாவது கேள்வி, விற்பனையாளர் சேலையைத் தன்மேல் போட்டுக் காட்டினாரா? அந்த அம்மா அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார்: "இல்லை. இரண்டு முறை கேட்டும் காட்டவில்லை. மரியாதையாக மறுத்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது."

கடைசி வாக்கியத்தை அறிக்கையில் சேர்க்கவில்லை. அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் முதலாளிக்கு அறிக்கை கொடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் பச்சை, கவுண்டர் என்ற கட்டத்தில் மட்டும் சிவப்பு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: வெளியே நாம் தரும் வாக்கைக் கடைக்குள் ஒருவர் நிறைவேற்ற மறுக்கிறார். அவர் அந்த இடத்தில் தொடர்வது திட்டத்துக்கு உதவாது. அவரை அப்படி மாற்றியது திட்டம்தான் என்று எழுதவில்லை. அதை எழுதக் கட்டம் ஒன்றும் தாளில் இல்லை. இருந்திருந்தாலும் காலியாகவே விட்டிருப்பேன்.

முதலாளி இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். பேச்சு வேறு எங்கெல்லாமோ போய்விட்டு அங்கே வந்து நின்றது.

"அப்ப, அண்ணன் பாஸ ரினியூ பண்ண வேணாம்ங்கறீங்களா?"

அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அண்ணனைக் கிடங்குக்கு மாற்றியிருப்பார். பிளவுஸ் துணி வெட்டும் இடத்தில் நிறுத்தியிருப்பார். அந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னால் அறிக்கையில் ஏன் வேறு மாதிரி எழுதினீர்கள் என்று கேட்பார். அதற்கு நான் நடந்ததை எல்லாம் சொல்லவேண்டியிருக்கும்.

"ஸ்டாஃப் விஷயம் உங்க முடிவுங்க. நான் பிளான்தான் சொல்லுவேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார். அப்படியே செய்தார்.

டிசம்பர் கடைசியில், பொங்கலுக்கு முகப்புக் கண்ணாடியை அலங்கரிக்க அளவெடுக்கக் கடைக்குப் போனேன். அண்ணன் கவுண்டரில் இல்லை, நிம்மதியாக இருந்தது. அளவெடுக்கும் நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது உள்ளேயிருந்து அவரைத்தான் அனுப்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் பாஸ் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் அறிக்கையை முதலாளி அவருக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்காட்டியிருந்தார். கொடுமைக்காக இல்லை. பதினாறு வருடம் வேலை பார்த்தவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அளவெடுத்து முடிந்ததும் அண்ணன் நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"முதலாளி படிச்சுக் காட்டினாரு. நீங்க எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்ல மேடம். அந்தம்மா கேட்டாங்க, நான் போட்டுக் காட்டலதான்."

கோபப்பட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. திட்டினால் சொல்ல நான்கைந்து வாக்கியங்கள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நாடாவைப் பையில் போட்டுக்கொண்டேன். மகள் படிப்பு என்ன ஆகும் என்று கேட்கவேண்டியவள் நான். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

"நான்தான் போறேனே. இனிமேயாவது அந்தப் படமெல்லாம் எடுத்துருவீங்களா? ஊர்ல போய்த் தலை நிமிந்து நடக்கணும். பாப்பா இன்னும் சரியா பேசல."

"எடுத்துடறேன் அண்ணே. கண்டிப்பா."

அதைச் சொன்ன நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். ஃபேரர் பார்க் ரயில் நிலையம்வரை நடந்து போகும்போதும் அந்த எண்ணம் இருந்தது. எந்தெந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்று வரிசைகூடப் போட்டுப் பார்த்தேன். பிறகு ரயில் வந்தது, நகைக்கடைக்காரர் போன் செய்தார், பேசிக்கொண்டே ஏறினேன்.

பொங்கல் முடிந்து புது வருடத் திட்டத்துக்கு உட்கார்ந்தோம். அண்ணன் ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதலாளி தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஜனங்கள் இன்னும் அண்ணனைத்தான் கேட்கிறார்கள், வேறு ஆளைப் போட்டால் எடுபடுமா என்று தெரியவில்லை என்றார். பிறகு, என்னிடம் இல்லாமல் மேசையிடம் சொல்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அவரு படத்தையே வெச்சுக்கலாமா? போன ஆளு. அவருக்கு ஒரு மாதிரியா இருக்குமோ?"

வேறு ஆள் என்றால் வேறு வரி, வேறு படம், எல்லாக் கட்டமும் முதலிலிருந்து. எனக்குக் கைவசம் இப்போது மூன்று கடைகள், நேரம் இல்லை.

"வெச்சுக்கலாம்ங்க" என்றேன். "அவர்தான் இப்ப இங்க இல்லையே. வந்து கேக்கவா போறாரு?"

முதலாளி தலையை நிமிர்த்தினார். கரெக்ட் லா என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வருடம் முழுவதற்கும் கட்டங்களை நிரப்பி முடித்தேன். அண்ணன் நடக்கும் வீடியோவைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வைத்தேன். வருடத்திலேயே அதிகம் பேர் பார்க்கும் வாரம் அதுதான்.